நீர் என்னும் எழுத்து

ஹாங்காங் நகரில் வானளாவ நிற்கும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் 17ஆம் தளம். அங்கே ஒரு சிறு கூடம். கூடத்தின் மூலையில் கிடக்கும் மேசைமுன் அமர்ந்து, முதல் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி வீட்டுப் பாடம் எழுதுகின்றாள். ஏட்டின் கட்டந்தோறும் எழுத வேண்டியது ஓர் எழுத்தே. நடுவில் மேலிருந்து கீழிறங்கி நுனியில் கொக்கிபோல் வளையும் கோடு ஒன்று, இடப்புறம் ஒன்று, வலப்புறம் இரண்டு. ஆக நான்கு கோடுகளில் அவ்வெழுத்து முடிந்துவிடும். நீர் என்பது அதன் பொருள்.

எழுதும்போதெல்லாம் சிறுமி அதன் பெயரை வாய்விட்டுச் சொல்கின்றாள். “ஷுவெய், ஷுவெய்” என்பது அவள் வாய்மொழி. பள்ளியில் அவ்வாறுதான் கற்பித்தனர். அடுக்களையில் கீரை அலம்பிக்கொண்டிருக்கும் பாட்டி அதனைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கின்றாள். “அது சொய் அன்றோ?” என்கின்றாள். “பாட்டி, ஆசிரியை இப்படித்தான் சொல்லித் தந்தார்” என்று சிறுமி விடை பகர்கின்றாள். பாட்டி மறுத்து ஒன்றும் கூறாமல் குழாயை மூடுகின்றாள். இத்தகைய பாட்டியரும் பெயர்த்தியரும் அந்நகரில் பலர் உளர்.

இருவரும் சொல்வது ஒன்றற்கொன்று மாறுபட்டதாகத் தோன்றினும் இரண்டும் சரியே. சீன எழுத்து ஒலியைக் காட்டுவதன்று, பொருளைக் காட்டுவது. 5 என்று எழுதிக் காட்டினால் தமிழர் ஐந்து என்பர், வடநாட்டார் பாஞ்ச் என்பர், குறி ஒன்றே. அதுபோலவே, நான்கு கோடுகளாலான அவ்வெழுத்தை வடசீனத்து மாண்டரின் மொழியினர் ‘ஷுவெய்’ என்று படிப்பர். தென்சீனத்துக் கான்டனீசு மொழியினர் ‘சொய்’ என்று படிப்பர். பாட்டி பேசுவது கான்டனீசு. ஏறத்தாழ 8 கோடி மக்களின் தாய்மொழி அது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹாங்காங் மக்களுள் நூற்றுக்கு 88 பேர் நாள்தோறும் வழங்கும் மொழியும் அதுவே.

அவ்வெழுத்து மிகத் தொன்மையானது. மூவாயிரம் ஆண்டுகட்கு முன்னர், சாங் அரச மரபினர் காலத்தில், ஆமையோட்டிலும் எருதின் தோள் எலும்பிலும் குறி கேட்டுப் பொறித்த எழுத்துகளுள் இதுவும் ஒன்று. அன்று அது நெளிந்தோடும் ஆற்றின் ஓவியமாகவே இருந்தது: நடுவே வளைந்த ஒரு கோடு, இருமருங்கும் சிதறிய துளிகள். காலப்போக்கில் துளிகள் கோடுகளாயின. பிற எழுத்துகளின் இடப்பக்கத்தே இது வந்து ஒட்டும்போது மூன்று துளியாகச் சுருங்கி நிற்கும். ஆறு, கடல், ஏரி, எண்ணெய், வியர்வை, கண்ணீர் ஆகிய சொற்களின் எழுத்துகளிலெல்லாம் அம்மூன்று துளிகளைக் காணலாம். ஹாங்காங் என்னும் ஊர்ப்பெயர்க்கு ‘நறுமணத் துறைமுகம்’ என்பது பொருள். துறைமுகத்தைக் குறிக்கும் எழுத்திலும் அத்துளிகள் உள.

கான்டனீசு மொழியில் ‘சொய்’ என்பதை எப்படியும் ஒலித்துவிட இயலாது. அம்மொழியின் ஓசை ஏற்ற இறக்கங்கள் ஆறு. குரலைக் கீழிருந்து மேலேற்றி ஒலித்தால்தான் அது நீர். குரலை உயரத்திலேயே நிறுத்தி ஒலித்தால் கேடு என்று பொருள்படும். நடுத்தரமாக நிறுத்தினால் அகவை. வரி என்னும் பொருளும் அதற்கே உண்டு. தாழ்த்தி நிறுத்தினால் உறக்கம். தாகத்தால் வருந்தும் அயலான் ஒருவன் நீர் கேட்பதாக எண்ணிக் கேட்டினை வேண்டி நிற்றலும் கூடும்!

எழுத்தும் ஒலியும் நிற்க. அச்சொல் பாட்டியின் நாவில் என்னென்ன பொருளில் நடமாடுகின்றது என்பதே இங்குக் காணத் தக்கது. பள்ளி ஏட்டில் அது வெறும் நீராக நிற்கின்றது. வீட்டிலோ அப்படி நிற்பதில்லை. குழாயைப் பாட்டி ‘நீர்த்தொண்டை’ என்பாள். கொதிநீர் அவளுக்கு ‘உருளும் நீர்’. பானையுள் நீர் கொதித்துப் புரளுவதைக் கண்டவர் வைத்த பெயர் அது. பருப்பும் சர்க்கரையும் இட்டுக் காய்ச்சி, உணவுக்குப்பின் உண்ணும் இனிப்புக் கஞ்சி ‘சர்க்கரை நீர்’. அண்டை வீட்டார் கூடிப் பயனின்றிப் பேசிப் பொழுது போக்குதல் ‘நீர் ஊதுதல்’ ஆகும். வாயிலூறும் எச்சிலையும் ‘வாய்நீர்’ என்றே சொல்வர். ஓயாது பேசுவோனைத் ‘தேநீரினும் வாய்நீர் மிகுந்தவன்’ என்று எள்ளுவர். ஒருவன் மனத்துக்கு உகந்தது எதுவோ அது அவனுடைய ‘நெஞ்சநீர்’. அழகிய இச்சொல்லை ஆக்கியவர் யார் என்று எந்நூலும் கூறுவதில்லை. மக்கள் வாய்ச்சொற்கு ஆசிரியர் பெயர் ஏது?

இவையனைத்தினும் சிறந்தது, நீர் என்னும் சொல்லால் பணத்தைக் குறிக்கும் வழக்கு. ‘நீரே செல்வம்’ என்பது அம்மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. பணத்தைக் கொடு என்பதற்கு ‘நீரை நிறுத்து வை’ என்பர். கடன் வாங்குதல் ‘நீர் அளத்தல்’. நாடகம் நன்றாக இல்லையெனில் அவையோர் ‘நீரைத் திருப்பு’ என்று கூவுவர்; நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருக என்பது கருத்து. பெருஞ்செல்வர், ‘நீரை அடுக்கி வைத்தவர்’. நூறு டாலர் ‘ஒரு கட்டி நீர்’ எனப்படும். அளக்கவும் நிறுக்கவும் இயலும் நீரை அடுக்குவது எங்ஙனம், கட்டியாக எடுப்பது எங்ஙனம் என்று இலக்கணம் கற்றோர் வினவலாம். வழக்கு அவ்வினாவுக்கு அஞ்சுவதில்லை. பணம் தண்ணீராய்ச் செலவாயிற்று என்பது தமிழர் கூற்று. அங்கே நீரானது பணத்தின் போக்குக்கு உவமை. கான்டனீசு மக்களுக்கு நீரே பணம். அதிலும் வரும் பணம்.

வரும் பணத்திற்கு அவர்கள் கூறும் தொடர் ஒன்று மிகவும் சுவையுடையது. முற்காலத்தில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக மூங்கிலால் நீண்ட கூடை முடைவர். அக்கூடையில் கண்கள் மிகுதி. அதனை ஆற்றில் அமிழ்த்தினால் எல்லாக் கண்கள் வழியாகவும் ஒரே நேரத்தில் நீர் புகும். பல வழியாலும் ஒருவனுக்குப் பொருள் வந்து சேர்ந்தால் ‘பன்றிக்கூடை நீரில் இறங்கியது’ என்பர். புத்தாண்டு நாளில் வாழ்த்தாகவும் இதனைக் கூறுவதுண்டு. பன்றிக்கூடை என்று வாழ்த்துவதா என்று பிற நாட்டார் முகம் சுளிக்கலாம். உழவரும் ஓடக்காரரும் வாழ்ந்த நாட்டில் பிறந்த வாழ்த்து அது. அதில் மண்ணின் மணம் உண்டு.

நீர் செல்வமாயின், உலர்வு வறுமையாதல் இயல்பே. கான்டனீசு மொழியில் உலர்தலைக் குறிக்கும் சொல் ‘கோன்’. ஈரலைக் குறிக்கும் சொல்லும் அதே ஒலியினது. இறைச்சிக் கடைக்குச் சென்று ஈரல் வேண்டும் என்று கேட்டால் வறுமை வேண்டும் என்று கேட்பதுபோல் ஒலிக்கும். ஆகவே மக்கள் அச்சொல்லை விலக்கி, ஈரலுக்கு ‘ஈரமானது’ என்று பொருள்படும் பெயரிட்டனர். எழுதுங்காலும் ஒரு நுட்பம் செய்தனர்: ஈரம் என்னும் எழுத்தின் இடப்பக்கத்து மூன்று நீர்த்துளிகளை எடுத்துவிட்டு, அவ்விடத்தே ஊன் என்பதன் குறியை வைத்துப் புதிய எழுத்தொன்றை அமைத்துக்கொண்டனர். தமிழிலக்கணம் மங்கல வழக்கு என்று வகுத்துரைப்பது இதுவே. காலி வீட்டை அவர்கள் ‘நல்வீடு’ என்பதும் இம்முறை பற்றியதே. காலி என்னும் சொல்லும் தீமை என்னும் சொல்லும் அம்மொழியில் ஓரொலியின. நாவைக் குறிக்கும் பழஞ்சொல் நட்டம் என்பதுபோல் ஒலித்தலின், நாவுக்கு ‘ஊதியம்’ என ஒலிக்கும் பெயர் வைத்தனர். வணிகம் செய்து வாழும் மக்கள் நாவிலும் நட்டத்தை வைத்திருக்க உடன்படவில்லை.

அவர்கள் வணிகத்திற்கு வழியாயிருந்ததும் நீரே. மேலாறு, வடவாறு, கீழாறு என்னும் மூன்று ஆறுகள் வந்து கடலொடு கலக்கும் கழிமுகம் அவர் நாடு. முன்னர்க் கான்டன் என வழங்கிய குவாங்சோ அதன் தலைநகர். 1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்யச் சீன அரசு திறந்துவைத்திருந்த துறை அஃதொன்றே. ஆதலின் கப்பற்சொற்கள் பல வீட்டுப் பேச்சில் நுழைந்தன. பயணச் செலவை ‘நீர்க்கால்’ என்பர். இன்று வண்டியிற் செல்வார்க்கும் அதே சொல்தான். பாரம் மிகுந்த கப்பல் ஆழ அமிழ்வதைக் ‘கப்பல் நீரை ஆழமாக உண்கின்றது’ என்பர். அளவுக்கு மிஞ்சி ஊதியம் கொள்ளும் தரகனுக்கும் அத்தொடரையே சூட்டினர். இதனினும் பொருத்தமாக அவனைப் பழித்தல் அரிது. கடல்கடந்து கல்வி கற்று மீண்டவன் ‘உப்புநீரில் ஊறியவன்’. இடர் தலைக்குமேல் வந்தும் அறியாது இருப்பவனுக்குப் ‘புருவம்வரை நீர் ஏறிவிட்டது’ என்று எச்சரிக்கை செய்வர்.

இத்துணைச் சொற்களை நீரிலிருந்து எடுத்த மக்கள், ஒருகாலத்தில் அந்நீருக்கே ஏங்கி நின்றனர். ஹாங்காங்கில் பேராறு இல்லை. பெரிய ஏரியும் இல்லை. மழைநீரைத் தேக்கியே பிழைக்க வேண்டும். ஓராண்டில் ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் அவ்வூரில், 1963ஆம் ஆண்டு முழுதும் பெய்த மழை 901 மில்லிமீட்டர்தான். நீர்த்தேக்கங்கள் வெடித்த தரையைக் காட்டின. அவ்வாண்டு ஜூன் முதல் நாளிலிருந்து நான்கு நாளைக்கு ஒருமுறை, அதுவும் நான்கு மணி நேரமே, குழாயில் நீர் விடப்பட்டது.

பாட்டிக்கு அப்போது வயது பத்து. குன்றின் சரிவில் தகரமும் பலகையும் கொண்டு கட்டிய குடிசையில் அவள் பெற்றோர் வாழ்ந்தனர். அங்கே வீட்டுக் குழாய் ஏது? தெருவிலிருந்த பொதுக்குழாயே கதி. அதனைத் ‘தெருத்தொண்டை’ என்பர். விடியுமுன்னரே மண்ணெண்ணெய்த் தகரங்களும் வாளிகளும் வரிசையில் நிற்கும்; தகரமே ஆளுக்கு அடையாளம். ஒரு தகரத்தை யாரேனும் சற்றே முன் நகர்த்தினால் பூசல் எழும். காவடித்தண்டின் இருபுறமும் தகரம் தொங்க, நீர் சிந்தாமல் படியேறக் கற்றதே அவ்வாண்டில் அவள் கற்ற கல்வி. முகம் கழுவிய நீரில் துணி தோய்ப்பர். துணி தோய்த்த நீரில் தரை மெழுகுவர். பலமாடிக் கட்டடங்களிலும் துன்பமே. கீழ்வீட்டார் குழாயைத் திறந்தால் மேல்வீட்டார்க்கு நீர் ஏறாது. ஆதலின் நீர் வரும் நான்கு மணி நேரமும் மேல்மாடிப் பலகணிகளிலிருந்து ‘கீழே இருப்போரே, நீர்த்தொண்டையை மூடுங்கள்!’ என்னும் கூக்குரல் எழுந்தவண்ணம் இருக்கும். அக்குரலை அவ்வூரார் இன்றும் மறக்கவில்லை.

1964ஆம் ஆண்டுப் புயல்மழைக்குப் பின் அந்நிலை நீங்கிற்று. 1965 மார்ச் முதல் நாளிலிருந்து, எல்லைக்கு அப்பாலுள்ள கீழாற்று நீர் குழாய்வழியே ஹாங்காங்குக்கு வரலாயிற்று. அதற்கு விலை உண்டு. நீருக்காக நீரைக் கொடுத்தனர் என்று கான்டனீசு மொழியில் வேடிக்கையாகச் சொல்லலாம். 1968இல், கடற்கழி ஒன்றை அணையிட்டு அடைத்து, உள்ளிருந்த உப்புநீரை இறைத்து வெளியேற்றி, அதனையே நன்னீர்த் தேக்கமாக்கிய அருஞ்செயலும் நிறைவேறியது. 1982க்குப் பின் நீர் விடும் நேரத்தைக் குறைக்க வேண்டிய நிலை நேரவில்லை. ஆயினும் பாட்டி குளியலறையில் ஒரு வாளியை எந்நேரமும் நிரப்பியே வைத்திருக்கின்றாள். மகளும் மருமகனும் இடத்தை அடைக்கின்றது என்று பலமுறை கூறியும் அவள் கேட்பதாயில்லை.

நீர் எப்போதும் நற்பொருளே தரும் என்று எண்ணற்க. சாரமற்ற பொருளையும் திறமையற்ற வேலையையும் ‘நீராக இருக்கின்றது’ என்று இகழ்வர். உரிய முகவர் வழியன்றி வேற்றிடத்திலிருந்து வாங்கி வந்து விற்கும் சரக்கு ‘நீர்ச்சரக்கு’. அதனைச் சுமந்து எல்லை கடப்பவர் ‘நீர்வழிப்போக்கர்’. எல்லையை அடுத்துள்ள சுங்சொய் என்னும் ஊரில் இவர்கள் குழந்தைப் பாலுணவுத் தூளை மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்ல, 2012 செப்டம்பரில் ஊரார் திரண்டு எதிர்ப்புக் காட்டினர். 2013 மார்ச் முதல், எல்லை கடப்போர் 1.8 கிலோகிராமுக்கு மேல் அத்தூளைக் கொண்டுபோகலாகாது என்ற விதி வந்தது. சுங்சொய் என்னும் பெயரின் இறுதியில் நிற்பதும் நீர் என்னும் அவ்வெழுத்தே.

இவற்றுள் பெரும்பாலானவை சிறுமியின் பாட நூலில் இடம்பெறா. ஹாங்காங்கின் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் சீன மொழிப் பாடத்தை மாண்டரின் ஒலிப்பில் நடத்துகின்றனர். கான்டனீசு வழியாகக் கற்பிக்கும் பள்ளிகளிலும் எழுத்து நடை பொதுநடையே. பேச்சுவழக்குச் சொல்லைக் கட்டுரையில் எழுதினால் பிழையென்று கோடிடுவர். பொதுநடை ஒன்று வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. பரந்த சீன நாட்டின் பல மொழியினரும் ஒருவர்க்கொருவர் கருத்தறிவிக்க அதுவே துணை. ஆனால் வீட்டுமொழிக்கு எங்கும் இடமில்லையாயின், குழந்தை நீரை எழுதத் தெரிந்துகொள்ளும். நீரை அளக்கவும் அடுக்கவும் ஊதவும் தெரிந்துகொள்ளாது. பாட்டியின் உறவினர் பலர் குவாங்சோவில் உளர். அந்நகரத் தொலைக்காட்சியில் மாண்டரின் நிகழ்ச்சிகளை மிகுவிக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டில் ஒரு முன்மொழிவு எழுந்தபோது, ஜூலைத் திங்களில் இளைஞர் பலர் தெருவில் கூடித் தம் மொழிக்காகக் குரல் எழுப்பினர். ஆயினும் அவ்வுறவினர் வீட்டுக் குழந்தைகள் தம் பாட்டியரோடு இன்று மாண்டரினில்தான் பேசுகின்றனர். முதியோர்க்கு அது முழுமையாக விளங்குவதில்லை. தலையசைத்துப் புன்னகை செய்கின்றனர். தொலைபேசியில் இதைக் கேட்ட நாளிலிருந்து, பெயர்த்தி ‘ஷுவெய்’ எனும்போதெல்லாம் பாட்டிக்கு நெஞ்சு சற்றே துணுக்குறுகின்றது.

அவள் பெயர்த்தியைத் திருத்துவதில்லை. ஆசிரியை சொன்னது தவறு என்று கூறுவதும் இல்லை. மாலையில் கீரை ஆயும்போது, நீர் என்ற சொல் வரும் கதை ஒன்றை நாளுக்கு ஒன்றாகச் சொல்லி வருகின்றாள். ஒருநாள் தெருத்தொண்டை; மற்றொருநாள் ஈரல் பெயர் மாறிய கதை; பிறிதொருநாள் பன்றிக்கூடை. பன்றிக்கூடையைப் பற்றிக் கேட்டபோது சிறுமி நெடுநேரம் சிரித்தாள். கூடையுள் பன்றி இருந்ததா இல்லையா என்பதே அவள் கவலை. பன்றி கரையில் நின்றது என்று பாட்டி உறுதி கூறிய பின்னரே அவள் உறங்கச் சென்றாள்.

புத்தாண்டு வந்தது. அன்று முதியோர் இளையோர்க்குச் சிவப்பு உறையில் பணம் வைத்து வழங்குவது மரபு. சிறுமி இரு கைகளையும் கூப்பி அசைத்து, பள்ளியில் கற்ற வாழ்த்துகள் இரண்டை மாண்டரினில் ஒப்பித்தாள். பின் சற்றுத் தயங்கி, “பாட்டி, உங்கள் பன்றிக்கூடை நீரில் இறங்கட்டும்” என்று கான்டனீசில் கூறினாள். கூடத்திலிருந்தோர் அனைவரும் சிரித்தனர். பாட்டி உறையை நீட்டினாள். கொடுத்தவர் எதிரில் உறையைப் பிரித்தல் முறையன்று. ஆயினும் ஆறு வயதுக்கு அந்தப் பொறுமை ஏது? அடுக்களை வாயிலின் மறைவில் நின்று அவள் உறையைப் பிரித்தாள். உள்ளே சிவந்த நூறு டாலர்த் தாள் ஒன்று இருந்தது.

“ஒரு கட்டி நீர்!” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

குளியலறையில் வாளியை நிரப்பிக்கொண்டிருந்த பாட்டியின் செவியில் அது விழுந்தது. அவள் நீர்த்தொண்டையை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.